கமராவுக்குக் கிட்டடியே போதும்

புதிதாகக் கமரா வாங்கியவர் முதலில் கேட்பது, "எங்கே போகலாம்?" என்றுதான். சீகிரியா, எல்ல, நுவரெலியா என்று பெயர்கள் வரும். லீவு எடுத்து, வான் பிடித்துப் போய், ஆயிரம் பேர் எடுத்த அருவியை அதே இடத்தில் நின்று எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அந்தப் பயணத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறை வரும் விருந்து. மற்றச் சனி ஞாயிறுகளில் கமரா அலுமாரியில் கிடக்கும். ஆறு மாதத்தில் ஆசையும் ஆறிவிடும். ஒரு பொழுதுபோக்கு நிலைக்க வேண்டுமானால் அது வாரந்தோறும் கைக்கு எட்ட வேண்டும். அதனால், படமெடுப்பதன் மகிழ்ச்சி கிட்டடியில், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் வளர்கிறது என்பது என் துணிபு. அதைச் சோதித்துப் பார்க்க யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் உள்ள கொடிகாமத்தைப் போல வாய்ப்பான ஊர் குறைவு.

கண்டி வீதியும் ரயில் பாதையும் இந்த ஊரூடாகப் போகின்றன. வடக்கே வரணி வழியாக நீரேரியைக் கடந்து பருத்தித்துறைக்கு ஒரு வீதி பிரிகிறது. தெற்கே சிறிது தூரத்தில் கச்சாய்க் கடனீரேரி. விடியவே எழும்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்வரக்கூடிய இடங்கள் நாலு திசையிலும் உண்டு. கொடிகாமம் சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். தை மாசியில் பனங்கிழங்கும் புழுக்கொடியலும், வைகாசி ஆனியில் தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும், ஆவணியில் பனம்பழமும் என்று அதன் நிறமே மாதத்துக்கு மாதம் மாறும். சரசாலையில் குருவிக்காடு இருக்கிறது. ஒக்ரோபரில் வாடைக்காற்றோடு வலசை வரும் பறவைகளைப் பங்குனி வரையில் நீரேரிக் கரைகளில் காணலாம்: ஊசிவால் வாத்து, உள்ளான், சில காலங்களில் பூநாரைக் கூட்டம். முழுநாள் கையிலிருந்தால் சுண்டிக்குளம் போகலாம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவான இடம் அது. வடமராட்சிப் பக்கம் போனால் வல்லிபுர ஆழ்வார் கோயிலும், அதற்கப்பால் மணற்காட்டின் மணல்மேடுகளும், மணலில் புதைந்து இடிந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயமும் காத்திருக்கின்றன.

ஒருமுறை பார்த்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. காலை ஆறரை மணிக்குச் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மணற்காட்டின் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து தெரியும். பதினொரு மணிக்கு அதே மேடு வெறும் வெள்ளைப் பரப்பாகிவிடும். சோளகம் வீசும்போது மணல் வரையும் கோலம் மாரியில் இராது. எந்த மரத்தில் எந்தப் பறவை வந்து குந்தும், எந்த மூலையில் வெயில் முதலில் படும் என்பதெல்லாம் நாலைந்து தடவை போனவருக்குத்தான் தெரியும். கமராவின் விலையால் வராத திறமை இது. யூலியா மார்கரெற் கமெரோன் என்ற பெண்மணிக்கு 48 வயதில், 1863 இல், மகள் பரிசாகக் கொடுத்த கமராதான் முதற் கமரா. இங்கிலாந்தின் வைற் தீவில் இருந்த தன் வீட்டுக் கோழிக்கூட்டையே கலைக்கூடமாக்கி, குடும்பத்தாரையும் வேலைக்காரரையும் அயலவரையும் படமெடுத்து உலகப் புகழ் பெற்றார். 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய பின்னும் சுற்றியிருந்த சாதாரண மக்களையே எடுத்தார். 1879 இல் இங்கேயே காலமானார். அவரது பெயரை நிலைநிறுத்திய படங்கள் வீட்டுக்குள்ளும் வாசலிலும் பிறந்தவை.

கமராவைத் தூக்கிக்கொண்டு திரிபவர் எதையும் அனுபவிப்பதில்லை, எல்லாவற்றையும் கண்ணாடிக்குள்ளால்தான் பார்க்கிறார் என்பது வலுவான மறுப்பு. அதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அதே ஆய்வில், ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் கிட்டவாக்கி எடுத்தவர்களுக்கு அந்த நட்டம் ஏற்படவில்லை. 2016 இல் கிறிஸ்ரின் டீல் முதலானோர் வெளியிட்ட ஆய்வுகளில், பஸ் சுற்றுலா போன்றவற்றில் படமெடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக மகிழ்ந்தார்கள். எடுக்கும் வேலை அவர்களைக் காட்சியில் ஆழ்த்தியதே காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கண்டதையெல்லாம் சுட்டுத் தள்ளுவதுதான் நினைவைக் கெடுக்கிறது என்று தெரிகிறது. நின்று, தெரிந்து, நெருங்கி எடுப்பது பார்வையைக் கூர்மையாக்கும். தூரப் பயணத்தின் அவசரத்தில் அதற்கு நேரமில்லை. அடுத்த கிழமையும் வரலாம் என்ற நிம்மதி உள்ளவருக்கே அந்தப் பொறுமை வரும்.

இந்த மண்ணில் கிட்டடியைப் படமெடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போரினால் 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தது. 2000 இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. வீடுகளோடு எத்தனையோ குடும்பங்களின் அல்பங்களும் போயின. 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது; இடையில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயிருந்தன. போர் முடிந்த பிறகும் பழையவை மறைவது நிற்கவில்லை. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் மதிலாகின்றன, சங்கடப்படலைகள் இரும்புக் கேற்றாகின்றன, தெருவோரச் சுமைதாங்கிகளும் ஆவுரோஞ்சிக் கற்களும் வீதி அகலிக்கும்போது காணாமற் போகின்றன. வசதி தேடும் மக்களைக் குறைசொல்ல முடியாது. மறைவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைப்பது நம்மால் ஆகும். இன்றைய கமரா படத்தோடு நாளையும் நேரத்தையும் தானே பதிந்துகொள்கிறது. ஊரின் பெயரையும் நாம் எழுதி வைத்தால், பொழுதுபோக்காக எடுத்தது நாளைக்கு ஆவணம்.

செலவைச் சொல்லித் தயங்குபவர்களுக்கு: பறவைகளுக்குத்தான் நீண்ட லென்ஸ் வேண்டும், சந்தைக்கும் வேலிக்கும் கோயில் வீதிக்கும் கைத்தொலைபேசியே தாராளம். பிள்ளைகளின் சனி ஞாயிறு ரியூசனுக்கே போதாது என்று சொல்லும் பெற்றோருக்கு: விடிகாலை இரண்டு மணித்தியாலம் பறவையையும் வெளிச்சத்தையும் கவனிக்கப் பழகிய பிள்ளை விஞ்ஞானத்தையும் புவியியலையும் கண்ணாலேயே படிக்கிறது. பொறுப்புகளும் உண்டு. சந்தையில் கடகத்தோடு இருக்கும் அம்மா காட்சிப்பொருள் அல்ல. கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் கமராவைக் கீழே இறக்க வேண்டும். கூட்டில் இருக்கும் பறவையை நெருங்கக் கூடாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால், பாவிக்கப்படும் பாதையை விட்டு ஓர் அடியும் இறங்கக் கூடாது. படை முகாம்களை எடுக்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும்.

ஆகவே தொடங்குவதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு குளக்கட்டு, ஒரு சந்தை மூலை, ஒரு பனங்கூடல். மாதம் ஒருமுறையாவது அதே இடத்தில் நின்று, அதே திசையைப் பார்த்து எடுங்கள். ஒரு வருடம் முடிந்து அந்தப் பன்னிரண்டு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பழகிய ஊரில் இவ்வளவும் நடந்ததா என்று நீங்களே வியப்பீர்கள். பிறகு சீகிரியாவுக்கும் போங்கள். பார்க்கப் பழகிய கண்ணோடு போவீர்கள்.