கான்டர்பரியில் முப்பது மாதம்

இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பீடமாகிய கான்டர்பரியில் தகப்பனும் மகனுமாக இருவர் பிரதம அத்தியட்சர் பதவி வகித்தது ஒரே ஒரு முறைதான். தகப்பனார் பிரெடரிக் டெம்பிள், மகன் 1881-இல் எக்ஸெட்டரில் பிறந்த வில்லியம் டெம்பிள். இத்தகைய வம்சத்தில் உதித்தவருக்குக் குருப்பட்டம் கேட்டவுடன் கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆனால் ஆக்ஸ்போர்டில் பிளேட்டோவின் தத்துவத்தைப் போதித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர், கன்னிப் பிறப்பையும் சரீர உயிர்த்தெழுதலையும் பற்றித் தம் உள்ளத்தில் இருந்த தயக்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டதனால், ஆக்ஸ்போர்டு அத்தியட்சர் பேஜெட் 1906-இல் கையை விரித்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்துப் பிரதம அத்தியட்சர் டேவிட்சன்தான் அவரைத் திருப்பணியில் சேர்த்துக்கொண்டார்.

பின்பு ரெப்டன் பள்ளியின் தலைமையாசிரியர், லண்டன் பிக்காடிலியில் குருவானவர், 1921 முதல் மாஞ்செஸ்டர் அத்தியட்சர் என்று உயர்ந்தார். கூலியைப் பற்றியும் குடியிருப்பைப் பற்றியும் பேசத் திருச்சபைக்கு என்ன அதிகாரம் என்று கேட்டவர்களோடு வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் அவர். 1926-இல் நிலக்கரிச் சுரங்கத் தகராறு மாதக்கணக்கில் நீண்டு, தொழிலாளர் குடும்பங்கள் வறுமையில் வாடிய வேளையில், அவரும் வேறு சில சமயத் தலைவர்களும் சமரசம் நாடிப் பிரதம மந்திரி பால்ட்வினைக் கண்டார்கள். அவரோ, அத்தனாசியுவின் விசுவாசப் பிரமாணத்தைத் திருத்தித் தரும்படி இரும்பு எஃகு முதலாளிகளிடம் தாம் சொன்னால் அத்தியட்சர்கள் சகிப்பார்களா என்று பரிகசித்தார். சாதுரியமான பரிகாசந்தான், ஆனால் விசுவாசப் பிரமாணத்தால் எவர் வீட்டு அடுப்பும் அணைவதில்லை.

1942-இல், அவர் கான்டர்பரி பீடம் ஏறிய ஆண்டிலேயே, மலிவுப் பதிப்பாக வெளிவந்து லட்சத்துக்கு மேல் விற்பனையான 'கிறிஸ்தவமும் சமுதாய ஒழுங்கும்' என்ற சிறு நூலை இதற்கு அவர் அளித்த விடை எனலாம். பாலம் உறுதியாக இருக்க வேண்டுமென்று பொறியாளருக்கு நினைவூட்டத் திருச்சபைக்கு உரிமையுண்டு, கட்டும் வகையைக் கற்பிக்க உரிமையில்லை என்று எல்லை வகுத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, சம்பளத்துடன் வருடாந்தர விடுமுறை முதலிய யோசனைகளைத் திருச்சபையின் பெயரால் அல்லாமல் தம் சொந்த அபிப்பிராயமாக அநுபந்தத்தில் தனியே வைத்த அவருடைய நாணயம் போற்றத்தக்கது.

1943 மார்ச்சில் பிரபுக்கள் சபையில் எழுந்து, நாஜிகளின் கொலைக்களத்திலிருந்து தப்பி வரும் யூதர்களுக்கு உடனே புகலிடம் அளிக்க வேண்டுமென்று அவர் மன்றாடியபோது, அரசாங்கம் அசைந்து கொடுத்தது சொற்பமே. சிறு பிராயம் முதல் பீடித்த வாத ரோகம் முற்றி, 1944 அக்டோபர் 26-ஆம் தேதி, 63-ஆம் வயதில் அவர் காலமானார். ரெப்டனில் அவருக்குப் பின் தலைமையாசிரியரான ஜெப்ரி பிஷரே கான்டர்பரியிலும் அவருக்குப் பின் வந்தார். இவர் பெருஞ்சிரத்தை காட்டியதோ திருச்சபைச் சட்டங்களைத் திருத்துவதில்.