கணக்குப் போடும் மனசு

பினாங்குத் தீவில் ஜாலான் சைனல் அபிடினில் உள்ள யூதர் இடுகாட்டைப் பார்த்துவிட்டு வந்த செபராங் ஜெயா வாசகி ஒருவர், கற்களில் இருக்கும் எபிரேய எழுத்துகள் என்னதான் சொல்கின்றன என்று கேட்டு எழுதியிருக்கிறார். 1805இல் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் இடுகாடு அது. சாலைக்கே முன்பு ஜாலான் யாஹுடி என்றுதான் பெயர். நகோர் ரோட்டில் இருந்த அவர்களின் தொழுகைக்கூடம் 1976இல் மூடப்பட்டது.

யூதர்கள் இறந்தவர் பெயரை எழுதினால் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டெழுத்துச் சுருக்கம் ஒன்றைச் சேர்ப்பார்கள். விரித்தால் ‘ஸிஹ்ரோனோ லிவ்ராஹா’, அதாவது அவர் நினைவு ஆசியாகட்டும். இதில் நினைவுக்கு வேராக இருப்பவை மூன்றே மெய்யெழுத்துகள். அவற்றுக்கு நடுவே உயிரொலியை மாற்றி, முன்னும் பின்னும் ஓர் எழுத்தை ஒட்டினால் புதுச் சொல் பிறந்துவிடும். ஸாஹர் என்றால் நினைவுகூர்ந்தான். ஸிக்காரோன் என்றால் நினைவு, திஸ்கோரெட் என்றால் நினைவூட்டல். செயலாளருக்கு மஸ்கீர் என்று பெயர், நினைவுபடுத்துகிறவர்! எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரை அறிந்தவர்களுக்கு இது புரியும். கூட்டத்துக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கும் மனிதர் விடாமல் போன் அடிப்பார். தாவீது அரசவையிலேயே மஸ்கீர் என்றொரு பதவி இருந்ததாக விவிலியம் சொல்கிறது.

எனக்குப் பிடித்தது இன்னொரு வேர், நினைப்பதற்கானது. ஹாஷாவ் என்றால் நினைத்தான், மஹ்ஷாவா, எண்ணம். அதே வேரில் பிறந்த ஹெஷ்போன் என்பது கணக்கு. டெல் அவிவில் சாப்பிட்டு முடித்தவர் பில் கேட்பதும் ஹெஷ்போன் என்றுதான். தன் குற்றங்குறைகளைத் தானே உட்கார்ந்து ஆராய்வதற்கு ‘ஹெஷ்போன் நெஃபெஷ்’ என்பார்கள், ஆன்மாவின் கணக்கு. சாப்பாட்டுக் காசும் பாவபுண்ணியமும் ஒரே பேரேட்டில்! கணினி வந்தபோதும் இந்த வேரைத்தான் தொட்டு மஹ்ஷேவ் என்று பெயர் வைத்தார்கள். பல நூற்றாண்டுகள் வழிபாட்டிலும் ஏட்டிலும் இருந்த மொழியை எலியேசர் பென் யெஹுதா (1858–1922) போன்றவர்கள் வீட்டுப் பேச்சுக்குக் கொண்டுவர முடிந்ததற்கு இந்த வேர்களும் ஒரு காரணம்.

இதில் வியக்க நமக்கு அதிகம் இல்லை. எண் என்றால் இலக்கம், எண்ணு என்றால் கணக்கிடு, நினை, இரண்டும். எண்ணிக்கையும் எண்ணமும் உடன்பிறப்புகள். எபிரேயத்துக்கும் தமிழுக்கும் உறவில்லை. ஆனாலும் இரண்டும் மனசைக் கணக்கப்பிள்ளை ஆக்கியிருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகள் எண்ணைக் கணிதப் பாடத்திலும் எண்ணத்தைக் கட்டுரையிலும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார்கள். நினைவூட்டு என்ற சொல் இருக்க, கைப்பேசியில் ‘ரிமைண்டர் போடு’ என்கிறோம். சொல்லைத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை, தேடி எடுக்கலாம். வேரை மறந்தால் புதுச்சொல் ஆக்கும் கையே வராது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு வேரைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதன் பிள்ளை குட்டிகளை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். ‘எண்’ணிலிருந்தே தொடங்கலாம்.