‘என் ஐசி நம்பர் அவனுக்குத் தெரியுதே!’

ஈசூனில் இருக்கும் என் சித்திக்கு ஒருநாள் மதியம் ஓர் அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஆடவர், சித்தியின் முழுப் பெயரைத் தந்தை பெயரோடு சேர்த்துச் சொன்னார். அடையாள அட்டை எண்ணை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒப்பித்தார். “உங்கள் பெயரில் யாரோ கடன் அட்டை எடுத்திருக்கிறார்கள். காவல்துறை அதிகாரியிடம் பேசுங்கள்” என்று இணைப்பை மாற்றிவிட்டார். அடுத்த சில நிமிடங்களில் சீருடை அணிந்த ஒருவர் வாட்ஸ்அப் காணொளியில் தோன்றினார்.

நல்லவேளை, பள்ளி முடிந்து பேத்தி வீட்டுக்கு வந்தாள். “யார் பாட்டி அது?” என்று அவள் எட்டிப் பார்த்ததும் சீருடைக்காரர் மறைந்துபோனார். பணம் போகவில்லை. ஆனால் அன்றிரவு நான் போய்ப் பார்த்தபோது சித்தி கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. “என் ஐசி நம்பர் அவனுக்குத் தெரியுதே! அப்புறம் எப்படிப்பா நம்பாம இருக்கிறது?”

நம்மில் பலர் இப்படித்தான் யோசிக்கிறோம். நம்மைப் பற்றிய விவரம் ஒருவரிடம் இருந்தால் அவர் உண்மையானவர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அந்த விவரங்கள் வெளியே போய் எத்தனையோ காலம் ஆகிறது. 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பு ஊடுருவப்பட்டபோது ஏறக்குறைய 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை திருடப்பட்டன. 2024 டிசம்பரில் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடியவர்களுக்கு முழு அடையாள அட்டை எண்களும் சில நாள்களுக்குத் தென்பட்டன. இவை செய்தியில் வந்தவை. செய்தியில் வராதவற்றை நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடைத்தொகுதிகளில் அதிர்ஷ்டக் குலுக்கல் பெட்டிக்குள் எத்தனை சீட்டுகளைப் போட்டிருப்போம்! கொண்டோமினியக் காவலரின் குறிப்பேட்டில் நமக்கு மேலே இருந்த பத்துப் பேரின் எண்களையும் படித்துக்கொண்டேதான் கையெழுத்திட்டோம். சட்டப்படி தேவைப்படும்போதோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியபோதோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பர் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது.

பிஸ்ஃபைல் விவகாரத்திற்குப் பிறகு அரசாங்கம் சொன்ன விளக்கம் முதலில் எனக்கும் விசித்திரமாகத்தான் பட்டது. அடையாள அட்டை எண் நம் பெயரைப் போன்றது, அது ரகசியமல்ல என்றார்கள். யோசித்துப் பார்த்தால் சரிதான். ஒருவருக்கு என் பெயர் தெரியும் என்பதற்காக வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட மாட்டேன். அந்த எண்ணையே சாவியாக்கி வைத்ததுதான் தவறு. காப்புறுதி ஆவணம், சம்பளச் சீட்டு எனப் பலவற்றைத் திறப்பதற்கு அடையாள அட்டை எண்ணும் பிறந்த தேதியும் மறைச்சொல்லாக இருந்திருக்கின்றன. அந்த வழக்கத்தைக் கைவிடுமாறு 2025 ஜூனில் நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. மனிதவளப் பிரிவில் வேலை செய்பவர்கள் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தங்கள் சொந்த மறைச்சொற்களில் பிறந்த தேதி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

வயதானவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று இளையர்கள் நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் இங்குள்ள பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் நிதி இயக்குநர் ஸூம் கூட்டத்தில் தம் மேலதிகாரிகளைக் கண்ணால் பார்த்தார், காதால் கேட்டார். அதை நம்பி 499,000 அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்பினார். அந்த முகங்கள் எல்லாம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய போலிகள். சிங்கப்பூர், ஹாங்காங் காவல்துறையினர் கைகோத்ததால் பணம் மீட்கப்பட்டது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2024ல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளி. பெரும்பாலான சம்பவங்களில் யாரும் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களே தங்கள் கையால் பணத்தை அனுப்பினார்கள்.

ஆகவே, முகமோ குரலோ எண்ணோ எதுவும் அத்தாட்சி ஆகாது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு நாமே அழைப்பதுதான் வழி. அலுவலகத்திலும் இதே கதைதான். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று பொருள் விநியோகிப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். பழைய விலைச்சீட்டில் இருக்கும் எண்ணைத் தேடி எடுங்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும் ஐந்து நிமிடம் பொறுக்கலாம்.

சித்திக்கு நான் சொன்னது இன்னும் எளிது. அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். வங்கிக் கணக்கின் மறைச்சொல்லைக் கேட்க மாட்டார்கள். அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றிவிடவும் மாட்டார்கள். திரையில் +65 என்று கூட்டல் குறியுடன் எண் வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் உள்ளூர் அழைப்புகளில் அந்தக் குறி வராது. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அவருடைய சேமிப்பில் ஒரு பகுதியை வங்கிச் செயலி வழியாகப் பூட்டிவைத்தோம். அதைத் திறக்க வங்கிக்கு நேரில் போகவேண்டும். அவருக்கு 55 வயது தாண்டிவிட்டதால், மத்திய சேம நிதியிலிருந்து இணையம்வழி பணம் எடுப்பதையும் முடக்கினோம். மொத்தம் இருபது நிமிட வேலை. அதில் பத்து நிமிடம் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தேடியதில் போனது.

இரண்டு வாரம் கழித்து, திருச்சிக்கு விமானச்சீட்டு எடுப்பதற்காக அலுவலகத் தொலைபேசியிலிருந்து சித்தியை அழைத்துப் பிறந்த தேதியைக் கேட்டேன். “வைங்க, நான் கூப்பிடுறேன்” என்று பட்டென்று வைத்துவிட்டார். மறுநிமிடம் என் கைப்பேசி ஒலித்தது. “டேய், இப்பக் கூப்பிட்டது நீதானா?”