முடக்கு வாதத்தில் எதிர்ப்பாற்றல் உயிரணுக் குறிகள்

முடக்கு வாதம் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் உண்டாகும் தன்னெதிர்ப்பு நோய் ஆகும். இந்நோயாளிகளின் குருதி வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் உள்ள, அவற்றை வகைபிரிக்க உதவும் புரதங்கள் எதிர்ப்பாற்றல் உயிரணுக் குறிகள் எனப்படுகின்றன.

பெயரிடும் முறை

இக்குறிகள் 'சிடி' என்னும் எழுத்துகளுடன் ஓர் எண் சேர்த்து வழங்கப்படுகின்றன. இம்முறை 1982 இல் பாரிசு நகரில் நடைபெற்ற பன்னாட்டுக் கூட்டத்தில் தொடங்கியது. முதன்மையான சில:

- சிடி3 - அனைத்து டி உயிரணுக்கள்
- சிடி4 - உதவி டி உயிரணுக்கள்
- சிடி8 - கொல்லி டி உயிரணுக்கள்
- சிடி19, சிடி20 - பி உயிரணுக்கள்
- சிடி14 - மோனோசைட்டுகள்

அளவிடும் முறை

ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்பொருள்கள் குருதியுடன் கலக்கப்படுகின்றன. அவை தத்தமக்குரிய குறியில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஃபுளோ சைட்டோமீட்டர் என்னும் கருவியில் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் கதிரைக் கடக்கையில், வெளிப்படும் ஒளியைக் கொண்டு அவை எண்ணப்படுகின்றன. எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்குச் செய்யப்படும் சிடி4 எண்ணிக்கையும் இம்முறையைச் சார்ந்ததே.

நோயில் காணப்படும் மாற்றங்கள்

நோயாளிகள் சிலரின் குருதியில் சிடி28 குறியை இழந்த சிடி4 உயிரணுக்கள் மிகுந்து காணப்படுகின்றன. இவை அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. எனினும் முதுமையிலும் சில தீநுண்மத் தொற்றுகளிலும் இதே மாற்றம் ஏற்படுவதால், இதை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்ய இயலாது. 2010 இல் வெளியான பன்னாட்டு வகைப்பாட்டு அளவைகளில் உயிரணுக் குறிகள் இடம்பெறவில்லை. பாதிக்கப்பட்ட மூட்டுகள், முடக்குவாதக் காரணி, சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பொருள், அழற்சி அளவுகள், நோய்க்காலம் ஆகியவையே கருதப்படுகின்றன.

மருத்துவப் பயன்

குறிகளின் முதன்மையான பயன் மருந்து உருவாக்கத்தில் உள்ளது. சிடி20 உள்ள பி உயிரணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப், முடக்கு வாதத்திற்காக 2006 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஐதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீசு நிறுவனம் அதன் ஒத்த மருந்தை 2007 இல் இந்தியாவில் வெளியிட்டது. இம்மருந்தைத் தொடங்குமுன் கல்லீரல் அழற்சி-பி தொற்று உள்ளதா எனச் சோதிப்பது இன்றியமையாதது. டி உயிரணுக்களைத் தூண்டும் சிடி28 வழியை அபட்டாசெப்ட் தடுக்கிறது.

தொலைவிடங்களில் சோதனை

உயிருள்ள அணுக்களை எண்ணவேண்டியிருப்பதால், குருதி பொதுவாக ஓரிரு நாட்களுக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும். தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி போன்ற மலைப்பகுதிகளுக்கு இது ஒரு தடையாகும். ஆனால் முடக்குவாதக் காரணியும் சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பொருளும் குருதி நீர்மத்தில் உள்ளவை. அதைப் பிரித்துக் குளிர்நிலையில் வைத்துத் தொலைவுக்கு அனுப்பலாம். எனவே நோயறிதலுக்கு உயிரணுச் சோதனைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மெத்தோடிரெக்சேட் போன்ற மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் விரைந்து தொடங்குவது, மீட்க இயலாத மூட்டுச் சிதைவைக் குறைக்கிறது.