கருப்பன் காட்டுத் தேவாங்கு

திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் நாற்கரச் சாலையில், வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். அங்கே வண்டிக் கருப்பணசாமி கோயில் முன்னால் ராத்திரி பகல் பாராமல் லாரிகள் ஒதுங்கி நிற்கும். ஓட்டுநர் இறங்கிக் கற்பூரம் ஏற்றி, திருநீறு பூசிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். புது வண்டி வாங்கியவர்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுப் போவார்கள். கருப்பனுக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. மாறிப்போனது அவர் காவல் காத்த இருட்டும், அந்த இருட்டில் வாழ்ந்த உயிர்களின் கதியும்தான்.

அன்று

கரண்டு வராத காலத்தில் இந்தச் சமவெளியின் இரவு மனிதனுக்குச் சொந்தமில்லை. நடுச்சாமத்தில் கருப்பன் வெள்ளைக் குதிரை ஏறி எல்லையைச் சுற்றி வருவார். அவர் தடத்தில் யாரும் கட்டில் போட்டுப் படுக்க மாட்டார்கள். ஒற்றைப் பனையடியில் முனி நிற்கும். ஓடைப் பள்ளத்தில் கொள்ளிவாய்ப் பிசாசு வாயைத் திறந்து மூடும். உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் பிள்ளைகளை விட மாட்டார்கள்.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் அல்ல. கோயில் காட்டில் சுள்ளி பொறுக்கவும் ஆள் யோசிப்பான். ‘சாமி மரத்துல கத்தி வச்சா கைகால் விளங்காது’ என்று அப்பத்தா சொன்ன ஒரு வார்த்தைக்கு அரிவாள் இடுப்பிலேயே இருந்துவிடும். வனக்காவலர் வருவதற்கு வெகு காலம் முன்பே கருப்பன் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேசில் நாட்டுக் காடுகளில் குருபிரா என்றொரு காவல்காரன் உண்டு. சிறுவன் உருவம், நெருப்பு நிறத் தலைமுடி, பாதங்கள் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். தேவைக்கு மேல் வேட்டையாடுபவன் அந்தக் காலடியைப் பார்த்து நடந்தால் திசை தப்பி, காட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவான். அமேசான்காரரும் அய்யலூர்க்காரரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனாலும் காட்டுக்கு ஒரு காவல் வேண்டும் என்பது இருவருக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் மரத்தைக் காத்த அதே பயம் ஒரு சின்ன உயிரைப் பலி வாங்கியது. அதுதான் தேவாங்கு. எடை ஏறக்குறைய கால் கிலோ. வால் கிடையாது. குச்சிக் கைகால். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட இரண்டு கண்கள். பகலெல்லாம் முள்மரத்தில் சுருண்டு தூங்கி, இருட்டிய பிறகு கிளை கிளையாக அடியெடுத்து வைத்து எறும்பும் கறையானும் தேடித் தின்னும். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அரிக்கேன் வெளிச்சம் பட்டால் போதும், மரக்கிளையில் இரண்டு கங்குகள் எரியும். பேய்க்கதை கேட்டு வளர்ந்தவன் நடுராத்திரியில் அதைக் கண்டால் என்ன நினைப்பான்?

அபசகுனம் என்றார்கள். வீட்டுப் பக்கத்து மரத்தில் தெரிந்தால் கல்லால் அடித்து விரட்டினார்கள். கண்ணைப் பிடுங்கிக் கண் நோய்க்கு மருந்து என்றார்கள், வசிய மை என்றார்கள். அதைத் துன்புறுத்தினால் அந்த நோவு எதிரியைப் போய்ச் சேரும் என்று மாந்திரீகம் செய்தவர்களும் உண்டு. குறி சொல்பவர்கள் அதைப் பிடித்து ஊர் ஊராகத் தூக்கித் திரிந்தார்கள். இருட்டில் மட்டும் வாழக்கூடிய பிராணி, கண் கூசும் வெயிலில் வேடிக்கைப் பொருளாக உட்கார்ந்திருந்தது. அமேசானின் இளஞ்சிவப்பு டால்பினுக்கும் இதே தலையெழுத்துதான். அது ராத்திரியில் அழகான வாலிபனாக உருமாறிக் கரையேறிப் பெண்களை மயக்கும் என்பது கதை. அதனாலேயே அதன் கண்ணையும் வசியப் பொருளாகச் சந்தையில் விற்றிருக்கிறார்கள்.

இன்று

1990களின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் அய்யலூர்க் காட்டுக்கு வந்தார்கள். ஆன்னா நெகாரிஸ், சிந்து ராதாகிருஷ்ணா போன்றவர்கள் ஊர் அஞ்சிய அந்த ராத்திரிகளில் தேவாங்கின் பின்னாலேயே நடந்து அதன் வாழ்க்கையை எழுதினார்கள். தனித்துத் திரியும் விசித்திரப் பிராணி என்று நினைத்தது ஒன்றுக்கொன்று உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், கூட்டாகப் படுத்து உறங்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும் என்றெல்லாம் தெரியவந்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளை அது தின்பதால் விவசாயிக்கு நன்மை என்ற பேச்சும் ஊர்களுக்குள் வந்தது.

2022 அக்டோபரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. திண்டுக்கல் கிழக்கு, வேடசந்தூர், நத்தம் வட்டங்களின் காடுகளும் இதில் அடக்கம். தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேவாங்கு இருக்கிறது. கொன்றாலோ பிடித்தாலோ ஏழு ஆண்டு வரை சிறை. கல்லெறி வாங்கிய பிராணி ஒரு காட்டுக்கே பெயர் கொடுத்திருப்பது எங்கள் பக்கத்துக்குப் பெருமைதான். 2025இல் பிரேசிலின் பெலேம் நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்குக் குருபிராவே சின்னமானான். பழைய கதையை அவர்கள் புதைக்கவில்லை, புது வேலைக்கு அழைத்துவந்தார்கள்.

நமக்கும் அந்த வேலை பாக்கி இருக்கிறது. தெருவிளக்கும் டிவியும் வந்தபின் பேயும் முனியும் போய்விட்டன. போகும்போது மரத்தின் மேலிருந்த கூச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. காட்டுக்கு வெளியே, தோட்டத்து வேலிகளிலும் தேவாங்கு வாழ்கிறது. அந்தக் கிளுவை வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுகிறோம். தேவாங்கால் குரங்கு போலத் தாவ முடியாது. ஒரு கிளையைப் பிடித்த பிறகே அடுத்ததை விடும். மரத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி விழுந்தால் அது தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். தரையில் நாயும் தார்ச்சாலையும் காத்திருக்கின்றன. வண்டிச் சக்கரத்துக்கு எந்தப் பிசாசுக் கதையும் தேவைப்படுவதில்லை.

சரணாலயம் காட்டைக் காக்கும். தனியார் தோட்டத்து வேலியை யார் காப்பது? சட்டம் அந்த வாய்க்கால் வரப்பு வரைக்கும் வந்து நிற்காது, கருப்பன் நிற்பார். இந்தப் பக்கத்துச் சாமியாடியின் சொல்லுக்கு இன்றும் ஊர் கட்டுப்படும். திருவிழாவில் அருள் வந்து நிற்கையில் ‘தேவாங்கு என் காட்டுப் பிள்ளை, அது ஏறும் வேலியை வெட்டாதே’ என்று அவர் ஒரு வாக்குச் சொன்னால், வனத்துறையின் நூறு பலகைகள் சொல்லாததை அது சொல்லிவிடும். பூசாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் வனத்துறையும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. பிழையான ஒரு கதையால் அந்த உயிரைத் தலைமுறை தலைமுறையாக வதைத்தோம். நல்ல கதை ஒன்றை அதற்காகக் கட்டித் தருவது நாம் பட்ட கடன்.