முட்டையிலும் ஊறுகாய் போடலாம்!

மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய் என நம் வீட்டு ஊறுகாய் வரிசை நீளமானது. அவ்வரிசையில் முட்டையை நாம் சேர்ப்பதில்லை. ஆனால், இங்கிலாந்தில் மதுக்கூடங்களிலும் மீன் வறுவல் கடைகளிலும் வினிகரில் ஊறிய முட்டைகளைக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்து விற்பது பழைய வழக்கம். அதனுடன் ஊசி மிளகாயும் மிளகும் சேர்ந்தால் நம் நாவுக்கேற்ற உணவாகிவிடும். விடுதி மாணவர்களும் எளிதில் செய்யலாம். எனினும், மாங்காய் ஊறுகாய்க்குப் பாட்டி சொன்ன முறை முட்டைக்குப் பொருந்தாது. அதற்கான காரணத்தையும் சேர்த்தே இங்குக் காண்போம்.

தேவையான பொருள்கள்

நடுத்தர அளவு முட்டை 12
5 விழுக்காடு அமிலம் கொண்ட வினிகர் 375 மில்லிலிட்டர்
தண்ணீர் 250 மில்லிலிட்டர்
உப்பு 3 தேக்கரண்டி
ஊசி மிளகாய் 8
பூண்டு 4 பல்
மிளகு, கடுகு தலா 1 தேக்கரண்டி
மஞ்சள் தூள் சிறிதளவு

செய்முறை

1. ஒரு வாரம் ஆன முட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். புதிய முட்டையின் வெண்கரு உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது பிய்ந்துவிடும்.

2. முட்டைகளைக் குளிர்ந்த நீரில் இட்டுக் கொதிக்கவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து 15 நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் ஆறவிட்டு உரியுங்கள். கீறல் விழுந்த முட்டையை அன்றே சாப்பிட்டுவிடுங்கள், ஊறப்போட வேண்டாம்.

3. மற்ற பொருள்கள் அனைத்தையும் எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, கொதி வந்தபின் 5 நிமிடம் சிறு தீயில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது. வினிகர் அதனை அரிக்கும்.

4. கொதிநீரில் சுத்தம் செய்த 1 லிட்டர் கண்ணாடிப் புட்டியில் முட்டைகளை அடுக்கி, அவை முழுதும் மூழ்கும்படி சூடான கரைசலை ஊற்றுங்கள். மூடி, உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

நடுத்தர முட்டையும் பெரிய முட்டையும் நன்கு ஊற 2 முதல் 4 வாரம் பிடிக்கும். 3 மாதத்திற்குள் உண்டு முடிப்பது நல்லது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

மாங்காயும் எலுமிச்சையும் இயற்கையிலேயே புளிப்பானவை. உப்பும் எண்ணெயும் சேர்த்து வெயிலில் வைத்தாலும் அவை கெடாமல் இருப்பதற்கு அப்புளிப்பும் ஒரு காரணம். முட்டையோ புளிப்பற்றது. வினிகரின் அமிலம் வெளியிலிருந்து மெதுவாக ஊடுருவி மஞ்சள் கருவைச் சென்றடைய வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அதுவரை அறைவெப்பத்தில் வைத்திருந்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் போட்டுலினம் என்னும் நுண்ணுயிர் உள்ளே பெருகி நஞ்சை உண்டாக்கலாம். நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தக்கூடிய நஞ்சு அது.

இது வெறும் அச்சமன்று. 1997ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 68 வயது ஆடவர் ஒருவர், தாமே வீட்டில் ஊறவைத்த முட்டையை உண்டு இந்நஞ்சால் பாதிக்கப்பட்டார். வினிகர் உள்ளே இறங்கட்டும் என்று அம்முட்டைகளைப் பல்குச்சியால் குத்தியிருந்தார். புட்டி அறைவெப்பத்தில், சில வேளைகளில் வெயிலிலும் இருந்தது. ஆய்வில் கரைசலின் பி.எச். அளவு 3.5 என இருக்க, மஞ்சள் கருவில் 6.8 என இருந்தது. இந்நுண்ணுயிர் வளராமல் தடுக்க அவ்வளவு 4.6 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். ஆக, புட்டியில் புளிப்பு இருந்தும் முட்டையின் நடுவில் இல்லை. குச்சி போட்ட துளை, கிருமி உள்ளே செல்லவே வழி செய்திருக்கக்கூடும்.

எனவே, நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று. முட்டையைக் குத்தாதீர்கள். வினிகரின் அளவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். புட்டியை வெளியில் வைக்காதீர்கள். பரிமாறும்போதும் 2 மணி நேரத்திற்கு மேல் வேண்டாம். காரத்தை மட்டும் உங்கள் விருப்பம்போல் கூட்டலாம், குறைக்கலாம்.

தயிர்ச்சோற்றுக்கும் நாசி லெமாக்கிற்கும் இம்முட்டை நல்ல துணை. செய்து பாருங்கள், நண்பர்களுக்குக் கொடுக்கும்போது, குளிர்பதனப் பெட்டியில் வைக்கும்படி மறவாமல் சொல்லிக் கொடுங்கள்.