பழைய லித்தியம் கட்டைக்கும் வேலை உண்டு



பிள்ளைகள் காலேஜுக்கு வாங்கிய லேப்டாப் பழசாகிப் பரண் மேலே கிடக்கும். சார்ஜ் நிற்காத பவர் பேங்க் ஒன்று அலமாரியிலே இருக்கும். "பேட்டரி போச்சு" என்று ஒதுக்கி வைத்த சாமான்கள் இவை. ஆனால் உள்ளே இருக்கிற எல்லாக் கட்டையும் கெட்டிருக்காது. நல்ல கட்டையைப் பிரித்தறிந்தால், ராத்திரி மடை திருப்பப் போகிற வேளைக்கு ஒரு நல்ல வெளிச்சம் கிடைக்கும். தெரியாமல் கையாண்டால் அதுவே வீட்டைக் கொளுத்திவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே இன்று பார்ப்போம்.

பழைய, தடித்த லேப்டாப் பேட்டரிக்குள்ளே உருண்டையான கட்டைகள் பெரும்பாலும் ஆறு இருக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். ஒரு வரிசை கெட்டாலும் மொத்தப் பேட்டரியும் வேலை செய்யாது. மற்ற கட்டைகள் நன்றாகவே இருக்கலாம். இந்தக் கட்டைக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அதன் பொருள். நாம் டார்ச் லைட்டுக்குப் போடுகிற சாதாரணக் கட்டை 1.5 வோல்ட். இதுவோ 3.7 வோல்ட். முழுக்கச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். ஆகையினாலே இந்தச் சாதியில் வருகிற சின்னக் கட்டைகளைச் சுவர்க் கடிகாரத்திலோ ரிமோட்டிலோ போட்டுவிடாதீர்கள். அளவு ஒத்துப்போனாலும் சாமான் கெட்டுப்போகும்.

லேப்டாப் பேட்டரியைக் கத்தி வைத்துக் குத்தித் திறக்கிற வேலை நமக்கு வேண்டாம். கத்தி முனை கட்டையில் பட்டால் அந்த இடத்திலேயே தீப்பிடிக்கும். பழக்கப்பட்ட ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துப் பிரித்து வாங்குங்கள். தட்டையான, பை போன்ற செல் இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். உப்பியிருந்தால் தொடவும் வேண்டாம்.

கையில் வந்த கட்டைகளில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விதை பொறுக்குவது போலத்தான்.

முதலில் கண்ணால் பாருங்கள். துரு, கசிவு, நசுங்கல், இனிப்பு கலந்த மருந்து வாடை இருந்தால் தள்ளிவிடுங்கள். மேலுறை கிழிந்த கட்டையை அப்படியே உபயோகிக்கக் கூடாது. ஏன்னா, அதன் உடம்பு முழுக்க நெகட்டிவ். சாவிக்கொத்தோ சில்லறைக் காசோ பட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும்.

அடுத்து மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் அந்தக் கட்டை மேல் ஆசைப்பட வேண்டாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகக்கூடும்.

தேறிய கட்டையை, லித்தியம் கட்டைக்கென்றே விற்கிற சார்ஜரில் போடுங்கள். 4.2 வோல்ட் வந்ததும் அது தானே நிறுத்திக்கொள்ளும். வேறு சார்ஜரை ஒயர் வைத்து நேராகக் கொடுப்பது ஆபத்து. சார்ஜ் ஏறும்போது தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சூடேறினால் கழித்துவிடுங்கள். ஏறி முடித்த கட்டையை ஒரு வாரம் சும்மா வைத்து மறுபடி அளந்து பாருங்கள். 4 வோல்ட்டுக்குக் கீழே வந்திருந்தால் அது ஓட்டைக் குடம், தண்ணீர் நிற்காது.

கடைசிச் சோதனைக்குக் கடிகாரம் போதும். 2000 மில்லி ஆம்பியர் கட்டையில் ஏறக்குறைய 7 வாட்-மணி மின்சாரம் இருக்கும். 1 வாட் எல்.இ.டி. விளக்கு அதிலே சுமார் 6 மணி நேரம் எரிய வேண்டும். இரண்டு மணி நேரத்திலே மங்கிவிட்டால் கட்டைக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். மங்கினதும் விளக்கை அணைத்துவிடுங்கள். ஒட்டக் கறக்கக் கூடாது.

சரி, எதற்கெல்லாம் உபயோகிக்கலாம்? ஒற்றைக் கட்டை போடுகிற டார்ச், தலையில் மாட்டுகிற லைட் ஆகியவை முதல் உபயோகம். வரப்பிலே பாம்பு கிடந்தால் தூரத்திலேயே தெரியும். இரண்டு கையும் மண்வெட்டிக்கு மிச்சமாகும். மோட்டார் ரூமுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும், இதே கட்டை போடுகிற சின்ன எல்.இ.டி. விளக்கு வாங்கி வைக்கலாம். சில சிறு ரேடியோக்களும் இதிலே பாடும். ஒற்றைக் கட்டை பவர் பேங்க் கூடும் கிடைக்கிறது. ஆனால் 5000 மில்லி ஆம்பியர் செல்போனுக்கு ஒரு பழைய கட்டை கால் பங்குதான் ஏற்றும். அவசரத்துக்கு ஒரு போன் பேச அது போதுமே!

மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்கும் நாலைந்து கட்டையைக் கோர்த்துப் போடலாமா என்று கேட்பீர்கள். வீட்டிலே செய்ய வேண்டாம். நோஞ்சான் மாட்டையும் திடமான மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கும். பலவீனமான கட்டை சீக்கிரம் நிரம்பி, அதற்கு மேலும் ஏறி, சூடாகித் தீப்பிடிக்கும். அதைக் கவனிக்கத் தனியே ஒரு பலகை வேண்டும், பற்றவைக்கத் தனிக் கருவி வேண்டும். சோல்டரிங் சூடும் கட்டைக்கு ஆகாது. எப்போதும் ஒற்றைக் கட்டையோடு நின்றுகொள்ளுங்கள்.

சார்ஜ் போடுகிற இடம் முக்கியம். கூரைக்கடியில், வைக்கோல் பக்கத்தில், படுக்கை மேலே கூடவே கூடாது. சிமெண்டுத் தரையில் வைத்து, ஆள் விழித்திருக்கும்போது போடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள். பல மாதம் சும்மா வைப்பதானால் பாதிச் சார்ஜில், அதாவது 3.7 வோல்ட் அளவில், முனைகளில் டேப் ஒட்டி நிழலில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

அப்படியும் புகை வந்துவிட்டால்? அந்தப் புகை நஞ்சு. எல்லோரையும் வெளியேற்றுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு எட்ட நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மண் போட்டால் தீ மூடும், சூடு ஆறாது. அணைந்த கட்டை மறுபடி பற்றலாம், வெட்டவெளியிலேயே கிடக்கட்டும். தீ பெரிதானால் பக்கத்திலே போகாமல் 101க்குப் போன் செய்யுங்கள்.

கழித்த கட்டையை எருக்குழியிலோ கிணற்றிலோ வீசாதீர்கள், நெருப்பிலும் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டி, விற்ற கடையிலோ மின்கழிவு வாங்குகிற இடத்திலோ கொடுங்கள்.

ஆறு கட்டையில் மூன்று தேறினாலும் லாபந்தான். சந்தேகம் வந்த கட்டையை மட்டும் தயங்காமல் கழித்துவிடுங்கள். பொக்கு விதையை ஊன்றினால் ஒரு குழிதான் போகும். பொக்குக் கட்டையைப் போட்டால் வீடே போகும்.